ருட்டபாகா பெருக்க, பிடுங்கத் தெரிய வேண்டும்

நேற்றுக் காலையில் பிடுங்கிய ருட்டபாகா என்ற கிழங்கைத் தராசில் வைத்தேன், 1 கிலோ 640 கிராம். இலையைத் திருகி எடுத்து, பக்கவேரை நறுக்கி, மண்ணைக் கழுவிவிட்டு நிறுத்த எடை. மேல்பாதி கத்தரிப்பூ நிறம், மண்ணுக்குள் புதைந்திருந்த கீழ்ப்பாதி வெளிறிய மஞ்சள். இரண்டு கையாலும் ஏந்தித்தான் வீட்டுக்குள் கொண்டு வந்தேன். நான்கு வருஷமாக இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன். அதனால் கை காய்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன், இதையே வளர்த்துப் பார்த்து எலுமிச்சம்பழ அளவைத் தாண்டாமல் அலுத்துப்போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விதைப் பொட்டலத்தில் சிலர் ருட்டபாகா என்று போடுவார்கள், சிலர் ஸ்வீடு என்று போடுவார்கள், இரண்டும் ஒன்றேதான். ஆனால் டர்னிப் என்ற கிழங்கு வேறு. டர்னிப்பின் சதை பெரும்பாலும் வெள்ளை, இலை சொரசொரவென்று மயிர் படர்ந்திருக்கும். ருட்டபாகாவின் சதை மஞ்சள், இலை முட்டைக்கோஸ் இலை மாதிரி வழவழவென்று, நீலம் பாய்ந்த பச்சையாக இருக்கும். தலைப்பக்கம் பார்த்தால் இலை உதிர்ந்த தழும்புகளோடு குட்டையாக ஒரு கழுத்து தெரியும், டர்னிப்புக்கு அது கிடையாது. டர்னிப் இனமும் முட்டைக்கோஸ் இனமும் கலந்து பிறந்த செடி இது. டர்னிப் பக்கத்திலிருந்து 20 குரோமோசோம், முட்டைக்கோஸ் பக்கத்திலிருந்து 18, ஆக மொத்தம் 38. நாகஹாரு யூ என்ற தாவரவியலாளர் 1935-இல் இந்த உறவுகளை எல்லாம் ஒரு முக்கோணமாகப் போட்டுக் காட்டினார், நம் கடுகும் அதே முக்கோணத்துக்குள்தான் வருகிறது. ருட்டபாகா விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாலே சொந்தம் தெரிந்துவிடும், பார்வைக்குக் கடுகேதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டர்னிப் என்று நினைத்து இதை வளர்த்தால் ஏமாந்துவிடுவோம். டர்னிப் இரண்டு மாதத்தில் சட்டென்று வந்துவிடும். ருட்டபாகா நிதானமான செடி, நன்றாகப் பெருக்க 20 முதல் 26 வாரம் வரைகூட எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நாளும் அதற்கு இடம் வேண்டும், இடைவிடாத ஈரம் வேண்டும். இதில் இடம் என்பதைத்தான் நான் ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

முதல் வருஷம் 3 மீட்டர் நீளத்துக்கு ஒரு வரிசை போட்டேன். விதை சின்னது, விரலிடுக்கில் எவ்வளவு விழுகிறது என்றே தெரியாது, கொட்டிய அத்தனையும் ஒரே வாரத்தில் முளைத்துவிட்டது. பச்சை மையில் கோடு இழுத்த மாதிரி நெருக்கமாக நின்ற அந்த நாற்றுகளைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இதுல எதை வளர்க்கப் போற?"

"எல்லாத்தையும்தான் ஐயா."

"அப்போ எதுவும் வளராது. ஜாணுக்கு ஒண்ணு விட்டுட்டு மிச்சத்தைப் பிடுங்கிடும்மா."

எனக்கு மனசு வரவில்லை. முளைத்து வந்த உயிரை எப்படிப் பிடுங்குவது என்று விட்டுவிட்டேன். வேண்டுமானால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பன்னிரண்டு நாற்றை எடுத்திருப்பேன். ஐந்து மாதம் கழித்துத் தோண்டியபோது கிடைத்தது என்ன தெரியுமா? ஒன்றோடொன்று ஒட்டி நின்றதால் பக்கம் தட்டையான, சுருங்கிய, விரல் பருமன் தண்டுகள். இரண்டு செடி ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாக வந்தது. வரிசையின் கடைசியில், விதை சரியாக விழாத இடத்தில், தன்னந்தனியாக நின்ற ஒரே ஒரு செடி மட்டும் முஷ்டி அளவுக்கு உருண்டிருந்தது. அதே மண், அதே தண்ணீர், அதே நாளில் போட்ட விதை. அந்த ஒரு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தபோதுதான் பெரியவர் சொன்னது உறைத்தது.

பயிர் கலைப்பதை, அதாவது நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கி இடைவெளி விடுவதை, நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரிய கிழங்குக்கு வேறு எதைவிடவும் இதுதான் முக்கியம் என்று நான் நம்புகிறேன். வரிசைக்கும் வரிசைக்கும் 40 செ.மீ. விடுகிறேன். விதையை 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைப்பதில்லை. இரண்டு விதையிலைகளும் விரிந்து நடுவில் முதல் நிஜ இலை எட்டிப் பார்க்கும்போது, அதாவது நாற்று 3 செ.மீ. உயரம்கூட இல்லாதபோது, முதல் சுற்று. அதில் 5 செ.மீ.க்கு ஒன்று நிற்கும். பத்து நாள் கழித்து இரண்டாம் சுற்று, 10 செ.மீ.க்கு ஒன்று. அதற்குப் பிறகு இலைகள் பக்கத்து இலைகளைத் தொட ஆரம்பிக்கும் முன்பே கடைசிச் சுற்று, அப்போது செடிக்குச் செடி 23 செ.மீ. தூரம் இருக்க வேண்டும். நான் பெரிய கிழங்கு வேண்டும் என்று குறிவைக்கும் வரிசையில் 30 செ.மீ. விட்டுவிடுகிறேன்.

ஒரே மூச்சில் 23 செ.மீ.க்குக் கலைத்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம்தான், ஆனால் அடுத்த வாரம் நத்தை வந்து நாலைந்தை மேய்ந்துவிட்டுப் போனால் அந்த இடம் காலி. அதனால்தான் மூன்று சுற்று. கலைப்பதற்கு முந்தைய நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டுவிட வேண்டும், ஈர மண்ணில் நாற்று நூல் மாதிரி உருவிக்கொண்டு வரும். எந்தச் செடியை வைத்துக்கொள்ளப் போகிறோமோ அதன் அடியில் இரண்டு விரலைக் கவைபோல் வைத்து மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை மற்றக் கையால் இழுக்க வேண்டும். ரொம்ப ஒட்டி நின்றால் இழுக்கவே கூடாது, சின்னக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்கிவிடுவதுதான் நல்லது. எதை வைத்துக்கொள்வது என்றால், உயரமாக இருப்பதை அல்ல. உயரமாக இருப்பது வெளிச்சத்துக்காக நீண்டதாக இருக்கலாம். அடித்தண்டு குட்டையாக, தடித்து, நிமிர்ந்து நிற்கிறதே, அதுதான் வேண்டும்.

அடித்தண்டைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் கிழங்கு என்று சொல்வதன் பெரும்பகுதி உண்மையில் வேரே இல்லை. விதையிலைக்குக் கீழே, வேருக்கு மேலே இருக்கும் அந்தத் தண்டுப் பகுதிதான் உருண்டு பெருக்கிறது, நிஜ வேர் கீழே வால் மாதிரி தொங்குவதுதான். அதனால்தான் முதிர்ந்த ருட்டபாகா பாதி வெளியே தெரியும்படி மண்ணுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கேரட்டை நாற்றாக நடப் பயப்படுவது போல இதற்குப் பயப்படத் தேவையில்லை. குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒன்றாக வளர்த்து, வேர் சுருண்டுகொள்ளும் முன், நாலைந்து இலைப் பருவத்தில் எடுத்து நட்டால் நன்றாகவே வருகிறது. பிடுங்க மனசே வராதவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன், முதலிலிருந்தே இடைவெளி சரியாக அமைந்துவிடும்.

எப்போது விதைப்பது என்பதற்கு நான் நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுகிறேன். உங்கள் தோட்டத்தில் முதல் உறைபனி எப்போது விழும் என்று பார்த்து, அதிலிருந்து நான்கைந்து மாதம் பின்னால் வாருங்கள். சுமார் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாட்களில்தான் இந்தச் செடி மனசாரப் பெருக்கும். 27 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வெயில் அடித்தால் நார் ஏறும், கசக்கும், கிழங்கு சின்னதாகவே நின்றுபோகும். ஆகவே நல்ல வெயிலில் செடி இலை வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும், குளிரத் தொடங்கும்போது கிழங்கு பெருக்க வேண்டும், அப்படி அமைத்துக்கொள்வதுதான் சூட்சுமம். அவசரப்பட்டு, குளிர் முழுசாக விலகும் முன்பே விதைத்தாலும் தப்பு. சின்ன வயதிலேயே நீண்ட குளிர் பட்டால், தன் முதல் வருஷம் முடிந்துவிட்டது என்று நினைத்துச் செடி பூத்தண்டை அனுப்பிவிடும். இரண்டு வருஷப் பயிர் இது, பூத்தண்டு கிளம்பிய செடியில் கிழங்கை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாம் வருஷம் இடைவெளியைச் சரியாக விட்டேன், ஆனால் உரத்தில் கோட்டை விட்டேன். பெரிதாக வர வேண்டுமே என்ற ஆசையில் பாத்தி நிறையப் புதுத் தொழு உரத்தைப் போட்டு, போதாததற்கு நடுவில் தழைச்சத்தும் கொடுத்தேன். இலை முழங்கால் உயரத்துக்குக் காடு மாதிரி வந்தது, பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். கீழே கிழங்கு இல்லை, நீண்ட கழுத்துதான் இருந்தது. புது எரு பட்ட வேர் கவை கவையாகப் பிரிந்திருந்தது. இப்போது எருவை எல்லாம் முந்தைய பருவத்திலேயே வேறொரு பயிருக்குப் போட்டுவிடுகிறேன், ருட்டபாகா அதன் மிச்சத்தைத் தின்று வளர்கிறது. விதைக்கும் முன் கொஞ்சம் மட்கிய உரமும் அடுப்புச் சாம்பலும் தூவுவதோடு சரி. அப்புறம் மண் பொலபொலவென்று இருக்கக் கூடாது. இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குக் கெட்டியான மண்தான் பிடிக்கும். கிளறிய பாத்தி இரண்டு மூன்று வாரம் தானாக அமரட்டும், அல்லது குதிகாலால் மெல்ல மிதித்துவிட்டு மேல்மண்ணை மட்டும் வாரிவிடுங்கள்.

மூன்றாம் வருஷம் தண்ணீர். நல்ல கிழங்காக வந்துகொண்டிருந்தது, நடுவில் மூன்று வாரம் நான் தோட்டத்துப் பக்கமே போக முடியவில்லை, மண் காய்ந்து பிளந்துவிட்டது. இலைமேல் மாவு தூவிய மாதிரி சாம்பல் நோய், காய்ச்சலான மண்ணில் அது சீக்கிரம் வரும். பிறகு ஒரே இரவில் கொட்டித் தீர்த்த மழை. காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கிழங்கிலும் மேலிருந்து கீழாக வாய் பிளந்த மாதிரி வெடிப்பு. காய்ந்து இறுகிப்போன தோலுக்குள் திடீரென்று தண்ணீர் ஏறினால் அது வேறு என்ன செய்யும்? வெடித்ததை உடனே பிடுங்கிச் சமைத்துவிட வேண்டியதுதான், வைத்திருந்தால் அழுகும். மழை இல்லாத வாரங்களில் இப்போது சதுர மீட்டருக்கு ஒரு வாளி, 10 லிட்டர், வாரம் ஒருமுறை ஆழமாக இறங்கும்படி விடுகிறேன். தினமும் கொஞ்சம் தெளிப்பதில் பயனில்லை. ஈரம் ஏறியதும் வைக்கோலோ புல்லோ மூடாக்காகப் போட்டுவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

அதே வருஷம் வெடிக்காமல் தப்பிய இரண்டு கிழங்கை வெட்டினேன். வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. உள்ளே சதையின் நடுவில், வட்டம் வட்டமாக, தண்ணீரில் ஊறிய மாதிரி பழுப்புக் கறை. கத்தி அந்த இடத்தில் மட்டும் ரப்பரில் இறங்குவது போல இறங்கியது. வாயில் போட்டால் சப்பென்று, கூடவே கசப்பு. புழுவுமில்லை, அழுகலுமில்லை, போரான் என்ற நுண்சத்தின் பற்றாக்குறை. ருட்டபாகாவுக்கு மற்றக் காய்களைவிட இந்தச் சத்து கூடுதலாக வேண்டும். மழையில் கரைந்து ஓடிவிடும் மணல் மண்ணிலும், சுண்ணாம்பு அதிகமான மண்ணிலும், நீண்ட வறட்சியிலும் செடிக்கு அது எட்டாது. இதற்கு 20 சதுர மீட்டருக்கு 35 கிராம் வெண்காரம், அதாவது போரான் உள்ள போராக்ஸ் உப்பு, என்பது கணக்கு. அவ்வளவு கொஞ்சத்தைச் சமமாகத் தூவ முடியாது என்பதால் காய்ந்த மணலோடு நன்றாகக் கலந்து விதைப்புக்கு முன் தூவ வேண்டும். தயவுசெய்து கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள். போரான் கொஞ்சம் கூடினாலும் செடிக்கு விஷம், அடுத்து அந்தப் பாத்தியில் போடும் பீன்ஸ்கூடக் கருகும்.

சுண்ணாம்பு விஷயத்தில் ஒரு இக்கட்டு இருக்கிறது. வேர் எல்லாம் வீங்கி முண்டுமுண்டாகிச் செடி வாடிப்போகும் வேர் வீக்க நோய், முட்டைக்கோஸ் குடும்பத்துக்கே பெரிய எதிரி. அதன் வித்துகள் மண்ணில் 20 வருஷம் வரைகூடக் கிடக்கும். அமில மண்ணில் அது தழைக்கும் என்பதால் சுண்ணாம்பு போட்டு, மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவை 7-க்குப் பக்கம் கொண்டு போகச் சொல்வார்கள். ஆனால் சுண்ணாம்பைக் கொட்டினால் போரான் கிடைக்காமல் போகிறது. அதனால் மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் நான் சுண்ணாம்பைத் தொடுவதே இல்லை. உங்கள் மண்ணில் அந்த நோய் ஏற்கெனவே இருந்தால் மரியன், இன்விடேஷன் போன்ற எதிர்ப்புள்ள ரகங்களைப் போடுங்கள். நான் மரியன் போடுகிறேன், பெருக்கவும் செய்கிறது, ருசியும் நன்றாக இருக்கிறது.

பூச்சிகளில் இரண்டைச் சொன்னால் போதும். நாற்றுப் பருவத்தில் தட்டினால் துள்ளிக் குதிக்கும் சின்னக் கறுப்பு வண்டு, இலையைச் சல்லடை ஆக்கிவிடும். மண் காயாமல் இருந்தால் நாற்று வேகமாக வளர்ந்து அதைத் தாண்டிவிடும். மற்றது வேர் ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரிதான் இருக்கும், தண்டடியில் முட்டை வைக்கும், புழு கிழங்கில் சுரங்கம் வெட்டும். இரண்டுக்கும் விதைத்த அன்றே நெருக்கமான பூச்சி வலையைப் போட்டு ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுவதுதான் வழி. அந்த வண்டுக்கு 0.8 மி.மீ. கண் உள்ள வலை வேண்டும். ஆனால் போன வருஷம் கோஸோ முள்ளங்கியோ இருந்த பாத்தியில் வலை போட்டால், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கிய ஈ வலைக்கு உள்ளேயே எழுந்து வரும், வலையே அதற்கு வீடாகிவிடும். பயிரை இடம் மாற்றிவிட்டுத்தான் வலை.

இவ்வளவும் ஒன்றாகக் கூடி வந்தது இந்த வருஷம்தான். எவ்வளவு பெரிது நல்லது என்று கேட்டால், சமையலுக்கு 10 முதல் 15 செ.மீ. குறுக்களவு அருமையான அளவு என்பேன். 2013-இல் வேல்ஸைச் சேர்ந்த ஐயன் நீல் 54 கிலோ ருட்டபாகா வளர்த்து உலக சாதனை செய்தார். அந்த உழைப்பை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது, ஆனால் அது போட்டிக்கான வளர்ப்பு. எனக்கு ஒன்றரைக் கிலோ வந்தால் மனசு நிறைந்துவிடும், அந்த அளவில் சதை வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுகிறது, நார் இல்லை.

கிழங்கு பெருத்துவிட்டது என்று உடனே எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். லேசான உறைபனி இரண்டு மூன்று விழட்டும். குளிரில் செடி சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது, கசப்பு அடங்கி இனிப்பு ஏறுகிறது. முதல் பனிக்கு முன் ஒன்றும், பின் ஒன்றும் பிடுங்கிப் பச்சையாகவே ஒரு துண்டு கடித்துப் பார்த்தேன், வித்தியாசம் நாக்கில் நன்றாகத் தெரிந்தது. மண்ணே கல்லாக உறையும் கடுங்குளிர் வரும் இடமென்றால் அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். எடுத்ததை இலையைத் திருகிப் போட்டுவிட்டு, கழுவாமல், காயம் படாததை மட்டும் பெட்டியில் ஈர மணலில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, உறையாத ஆனால் நல்ல குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் நாலு மாதம் கெடாது.

பாத்தியில் இன்னும் பதினோரு செடி நிற்கிறது. அதில் வலையோரம் நிற்கும் ஒன்று நேற்றுப் பிடுங்கியதைவிடப் பருமன். விரலால் சுற்றி மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டேன், இன்னும் ஒரு பனி விழட்டும் என்று. பெரியவருக்குக் கொடுப்பதற்காக அதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.